கந்தல் யார் விதித்தது?

நாடகத்துக்கு உடை அமைக்கிறவர் பிரதியை முதலில் கதைக்காக வாசிப்பார். அடுத்த வாசிப்பில் கணக்கெடுப்பு: யார், எந்தக் காட்சி, என்ன வேலை, உடை மாற்ற எத்தனை நிமிஷம். நல்ல முறைதான். ஆனா 'கூலிக்காரி' என்ற சொல் வந்ததும் வாசிப்பு நின்றுபோகிறது. கிழிந்த சேலை, கன்னத்தில் கரி. முடிஞ்சது சோலி!

நவீன நாடகக்காரர்களே, போடியில் விடியுமுன் ஜீப் ஏறுகிற பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேலே முழுக்கை ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, மழைக்குச் சாக்குக் கொங்காணி. ஏலம் தூரில் காய்க்கும், குனிஞ்சேதான் எடுக்கணும், காலில் அட்டை ஏறும். அந்தச் சட்டையில் இருப்பது வேலையின் அறிவு. திருவிழாவில் அதே பெண் மடிப்புக் கலையாத புதுச்சேலையில் நிற்பாள். உங்கள் பட்டியலில் அவளுக்கு இரண்டாவது உடை உண்டா?

கந்தல் எங்கள் ரசனையா என்ன? 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது, சட்டை, பனியன் கூடாது; பெண்கள் ரவிக்கை போடக் கூடாது; தங்கம், வெள்ளி கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அதுவும் ஒரு உடைப் பட்டியல்தான். அதையே நீங்கள் மேடையில் அமல்படுத்துகிறீர்கள், முற்போக்கு என்ற பேரில்.

அரிச்சந்திரன் கதையில் மயானம் காக்கும் உடை ராஜாவுக்கு வந்த கேடு, சபை அழுகிறது. பிறந்ததிலிருந்து அதை உடுத்தியிருக்கிற வீரபாகுவுக்காக எவன் அழுதான்?

பட்டியலில் இன்னொரு பத்தி போடுங்கள்: இந்த உடைக்குக் காசு கொடுத்தது யார், வேறு உடை உடுத்தவிடாமல் தடுத்தது யார். ஒத்திகைக்கு முன்னாடி அதை நிரப்பிட்டு, அப்புறம் தையல்காரரைக் கூப்பிடுங்கள்.