ஏரிக்குச் சொந்தக்காரர் யார்?

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே உள்ள பருத்திப்பட்டு ஏரி சுமார் 87 ஏக்கர் விஸ்தீரணம் உள்ளது. 2019-ஆம் ஆண்டில் சர்க்கார் பல கோடி ரூபாய் செலவில் அதைச் சீர்திருத்தி, கரையில் நடைபாதையும் பூங்காவும் அமைத்துக் கொடுத்தார்கள். மெச்சத்தக்க காரியந்தான். ஆனால் அதன் பிறகும் ஏரியில் கழிவு நீர் கலக்கிறது, ஆகாயத் தாமரை மண்டுகிறது என்ற புகார்கள் எழாமலில்லை. பணம் கரையைக் கட்டும், காவல் காக்குமா?

முன்னாளில் காவல் காத்தவர்கள் ஆயக்கட்டுக் குடிகள். ஏரி வற்றினால் தம் வீட்டு அடுப்பு எரியாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகையால் மழைக்கு முன்பே மண்வெட்டியுடன் வந்து வரத்துக்கால்களைச் செப்பனிட்டார்கள். இதுவே குடிமராமத்து. 1858-இல் வெள்ளைக்கார சர்க்கார் இதைக் கட்டாய வேலையாக்கிச் சட்டம் செய்தார்கள். 2017-இல் தமிழ்நாட்டு சர்க்கார் அதே பெயரில் ஏரிகளைச் செப்பனிடப் பணம் ஒதுக்கினார்கள். பாசன விவசாயிகளுக்குச் சங்கம் அமைக்க 2000-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் பிறந்திருக்கிறது.

ஆனால் வயல்கள் மனைகளாகிவிட்ட ஊரில் பாசன விவசாயி எங்கே? விவசாயி போனாலும் ஏரியினால் வரும் நன்மை போய்விடவில்லை. நம் கிணற்றில் ஊறுவது ஏரி தந்த ஜலம். பெருமழையை ஏரி தாங்காவிட்டால் என்ன நேரும் என்பதை 2015-ஆம் வருஷத்து வெள்ளம் சென்னைவாசிகளுக்குக் காட்டிவிட்டது. ஆகவே இன்றைய ஆயக்கட்டுதாரர்கள் சுற்றியுள்ள வீதிகளில் குடியிருக்கும் நாம்தான்.

ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே உத்தரமேரூரில் ஏரி வாரியம் என்று ஒன்று இருந்தது. குடவோலை மூலம் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பதவி ஒரு வருஷந்தான். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் பிறகு இடமில்லை. அந்தச் சபையில் எல்லாருக்கும் இடம் கொடுக்கவில்லை என்பது வாஸ்தவம். அந்தக் குறையை விலக்கிக் கண்டிப்பை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

வீதிக்கு ஒருவர் வீதம், ஸ்திரீகளையும் குடக்கூலிக்கு இருப்பவர்களையும் சேர்த்து, ஒரு வாரியம் அமைப்போம். புரட்டாசி பிறக்குமுன் வரத்துக்கால்களைப் பார்வையிட்டு, எந்த வீட்டுக் கழிவு நீர் எங்கே விழுகிறது என்று குறித்து, மாநகராட்சியாரிடம் எழுத்து மூலம் கொடுத்து, பதில் வரும் வரையில் விடாமல் கேட்போம். வருஷக் கணக்கை ஏரிக்கரையிலேயே வாசிப்போம்.

முதலில் பார்வையிட வேண்டியது நம் வீட்டுச் சாக்கடைக் குழாயை. இந்நாளைய குடிமராமத்து அங்கேதான் ஆரம்பமாகிறது.