ஐந்துக்கு முன்பே

பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலே 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். பழமொழியைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதைக் கேட்டு வளர்ந்த பெற்றோர் பலர், ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் பிள்ளைக்கு அறிவு வளரத் தொடங்குகிறது என்று எண்ணிவிடுகிறார்கள். அதுவரை வயிறு நிறைந்தால் போதும், அழாமல் இருந்தால் போதும். இந்த எண்ணம்தான் இன்று பல வீடுகளில் ஒரு வயதுக் குழந்தையின் கையில் செல்போனைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறது.

பிறந்த குழந்தையின் மூளை, எடையில் பெரியவர்களின் மூளையில் ஏறக்குறையக் கால் பங்கு. இரண்டு வயது முடிவதற்குள் அது முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. இந்தக் காலத்தில் உருவாகும் நரம்பு இணைப்புகள் பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் உறுதிப்படுகின்றன. பயன்படுத்துவது என்றால் அ, ஆ சொல்லிக் கொடுப்பதல்ல. குழந்தை 'ங்கா' என்றால் பதிலுக்கு ஒருவர் 'ங்கா' என்பது; அது விரலை நீட்டினால் 'ஆமாண்டா, காக்கா' என்பது. இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்பது இல்லாமல் போனால் என்ன ஆகும்? அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் ஒரு சோதனை செய்தார். தாய் முதலில் குழந்தையோடு கொஞ்சி விளையாடுவார். பிறகு சில நிமிடங்களுக்கு முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், சத்தம் போடும், கையை நீட்டும். எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடைசியில் அழுதுவிடும். அந்தத் தாய் அடிக்கவில்லை, திட்டவில்லை, இடத்தை விட்டு எழவும் இல்லை. குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய் தகப்பன் முகமும் குழந்தைக்கு ஏறக்குறைய அப்படித்தான் தெரியும்.

'போனில் பாட்டு வருகிறது, கதை வருகிறது, குழந்தை நாலு வார்த்தை கற்றுக்கொள்ளட்டுமே' என்பவர்களும் உண்டு. அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளை வைத்துப் பட்ரீசியா கூல் குழுவினர் செய்த ஆய்வு 2003-ல் வெளியானது. சில குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து 12 முறை விளையாடினார்கள், புத்தகம் காட்டிப் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளை வேறுபடுத்தி அறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்களை, அதே பேச்சைத் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகள் கற்றுக்கொள்ளவில்லை. திரை பேசுமே தவிர, குழந்தைக்குப் பதில் சொல்லாது. இரண்டு வயதுக்குக் குறைவான குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது.

சோறூட்டும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நிலாவையும் நாய்க்குட்டியையும் எதிர் வீட்டு ஆயாவையும் காட்டிக் காட்டி ஊட்டுவார்கள். ஒரு கிண்ணம் பருப்புச் சோறு இறங்க ஒரு மணி நேரமாகும். இப்போது போனைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மிச்சப்பட்டது ஐம்பது நிமிடம். போனது ஐம்பது நிமிடப் பேச்சு. அதோடு, பசி அடங்கியதா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் வாயை மட்டும் திறக்கும் பழக்கமும் வந்துவிடுகிறது.

பாட்டிகள் விளையாட்டுக் காட்டுவதை வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள், உள்ளங்கையில் பருப்புக் கடைந்து நண்டு ஊர விடும் விளையாட்டை ஒருமுறை உற்றுக் கவனிக்க வேண்டும். முதல் தடவை அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும்போதுதான் குழந்தை சிரிக்கும். நாலைந்து நாள் கழித்துப் பார்த்தால், விரல் முழங்கையைத் தாண்டும்போதே தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிடும். அடுத்து என்ன நடக்கும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. நினைவு, எதிர்பார்ப்பு, காத்திருப்பு மூன்றும் அந்தச் சிரிப்பில் இருக்கின்றன. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரை, ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி கொட்டுதல் என்று பருவம் பிரித்ததும் குழந்தையை இப்படிக் கவனித்துத்தான். இன்றைய குழந்தை மருத்துவர்களும் கைதட்டுகிறதா என்று ஏறக்குறைய அதே மாதத்தில்தான் கேட்கிறார்கள்.

இதெல்லாம் வசதியுள்ளவர்களுக்குத்தான் என்று சொல்வதற்கும் இடமில்லை. ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் 1986-87-ல், ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றிய ஏழைக் குழந்தைகளின் வீடுகளுக்குச் சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் போனார்கள். இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. வீட்டில் கிடைத்த பொருள்களில் செய்த பொம்மைகளை வைத்துக்கொண்டு, குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்மாருக்குக் காட்டினார்கள். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அப்படி வளர்ந்தவர்கள், விளையாட்டுப் பயிற்சி கிடைக்காத அதே நிலைக் குழந்தைகளைவிட ஏறக்குறைய 25 சதவீதம் அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். ஊட்டச்சத்து மட்டும் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் இந்த வேறுபாடு தென்படவில்லை. கடையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் 'அறிவு வளர்க்கும்' பொம்மைகளை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆனால் போனைக் கொடுக்கும் தாயைத் திட்டித் தீர்ப்பது நியாயமில்லை. காலையில் சமைத்து, வேலைக்குப் போய், திரும்பி வந்து மறுபடியும் சமைப்பவளுக்கு அந்த ஐம்பது நிமிடம்தான் மூச்சு விடும் நேரம். பேறுகால விடுப்பு 2017-ல் 26 வாரமாக உயர்ந்ததால் வயலிலும் கட்டட வேலையிலும் இருக்கும் பெண்களுக்கு ஒன்றும் கிடைத்துவிடவில்லை. பதில் பேசத் தாய்தான் வேண்டும் என்று குழந்தையும் கேட்பதில்லை. அப்பா குளிப்பாட்டினால் என்ன, தாத்தா துணி மடிக்கும்போது 'இது உன் சட்டை, இது அம்மா புடவை' என்றால் என்ன? 'ஆம்பளைக்கு இதெல்லாம் வராது' என்பது வசதிக்காகச் சொல்லிக்கொள்ளும் பொய்.

அரசுக்கும் பங்கு உண்டு. 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளோடு வீட்டில் எப்படி விளையாடுவது என்பதற்கென்று 2024-ல் மத்திய அரசு 'நவ்சேதனா' என்ற வழிகாட்டுதலையும் வெளியிட்டது. ஜமைக்காவில் நடந்ததை இங்கே செய்ய ஆளும் இருக்கிறது, ஏடும் இருக்கிறது. எடை போட்டு, உயரம் அளந்து, சத்துமாவு கொடுத்து, எல்லாவற்றையும் செயலியில் ஏற்ற வேண்டிய அந்தப் பணியாளருக்கு, ஒரு குழந்தையின் எதிரில் அரை மணி நேரம் தரையில் உட்கார நேரம் ஒதுக்கித் தருவதுதான் பாக்கி.