வீட்டுக் கொல்லையில் ஒரு கோல்

உங்கள் வீட்டில் பையனோ பெண்ணோ ஹாக்கி மட்டையும் கையுமாகத் திரிகிறதா? அப்படியானால் இந்த வாரம் நான் சொல்லப்போவது உங்களுக்குத்தான். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பைப் போட்டிகள் சென்னையிலும் மதுரையிலும் நடந்தன. நம் பையன்கள் வெண்கலப் பதக்கம் வாங்கினார்கள். கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருக்கும் அரியலூரிலிருந்து போன கார்த்தி செல்வம், 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டவர். இதையெல்லாம் கேட்ட குழந்தை, "அம்மா, நம் கொல்லையில் ஒரு கோல் வேண்டும்" என்று கேட்டால் அதில் ஆச்சரியம் என்ன?

கேட்டதும் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு கொல்லையை அளந்து பாருங்கள். மைதானத்தில் வைக்கும் கோல் 12 அடி அகலம், 7 அடி உயரம். அது நம் வீட்டுக்கு ஆகாது. ஆறடி அகலமும் நாலடி உயரமும் உள்ள கோலே பழகப் போதும். சின்ன கோலில் குறி பார்த்து அடித்துப் பழகினவனுக்குப் பெரிய கோல் வாசற்கதவைப் போல விரிந்து தெரியும்!

அடுத்து பந்து. ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்தின் எடைதான். அந்தப் பந்து ஓயாமல் வந்து மோதுவது கம்பத்தில் அல்ல, வலையிலும் அல்ல. கோலின் அடியில் பின்பக்கமும் பக்கவாட்டிலும் இருக்கும் பலகையில். அதன் உயரம் ஒன்றரை அடி. கோல் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதை நிர்ணயிப்பது இந்தப் பலகைதான். பெட்டி செய்யும் மெல்லிய பலகை ஒரு மழைக்கே உப்பிப் பிரிந்துவிடும். தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டை முக்கால் அங்குல கனத்தில் கேட்டு வாங்குங்கள். வெட்டிய ஓரங்களுக்கு இரண்டு கை பெயின்ட் அடியுங்கள். தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். பலகையின் முன்னால் பழைய ரப்பர் பாயைத் தொங்கவிட்டால் பலகையும் பிழைக்கும், மத்தியானம் கண்ணயரும் அடுத்த வீட்டு மாமியும் பிழைப்பார்கள்.

கம்பத்துக்கு எது நல்லது? மூங்கிலும் சவுக்குக் கட்டையும் மலிவு. ஆனால் மண்ணில் புதைத்த இடத்தில் கரையான் விருந்து வைத்துவிடும். குழந்தையின் ஆர்வம் நிலைக்குமா என்று பார்க்க முதல் வருஷம் சவுக்குக் கட்டை போதும். நிலைத்துவிட்டால் ஜி.ஐ. குழாய்க்குப் போங்கள். குழாயில் மஞ்சள் பட்டை இருந்தால் மெல்லியது, நீலப் பட்டை நடுத்தரம், சிவப்பு கனம். நீலமே நமக்குச் சரி. பிளாஸ்டிக் குழாய் வெயிலில் காய்ந்து ஒரு நாள் 'படக்'கென்று உடையும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்றில் இருப்பவர்கள், கொஞ்சம் செலவானாலும் அலுமினியம் வாங்கலாம்.

வெல்டிங் பட்டறையில் செய்யச் சொன்னால், பக்கத்தில் நின்று இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பற்றவைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து போயிருக்கும். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். ஆகவே அந்த இடங்களுக்கு ஜிங்க் பிரைமர் அடித்த பிறகே பெயின்ட் அடிக்க வேண்டும். குழாயின் திறந்த வாய்களை மூடிவிட வேண்டும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் வெளியே பளபளப்பும் உள்ளே துருவுமாக இருக்கும்.

நம் ஊர் மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். காவேரிப் பாசனத்துக் களிமண் ஐப்பசி மழையில் சேறாகும். சித்திரை வெயிலில் வாய் பிளக்கும். அதில் கம்பத்தை நட்டால் இரண்டே வருஷத்தில் சாய்ந்து நிற்கும். நடாமல், அடிச் சட்டத்தோடு செய்து செங்கல் மேல் உட்கார வைப்பதே மேல்.

ஆனால் நடாத கோலுக்கு ஓர் ஆபத்து உண்டு. இதை மட்டும் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். குழந்தை மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கினால் கோல் முன்பக்கமாகக் கவிழும். வெளிநாடுகளில் இப்படிக் கவிழ்ந்த கால்பந்து கோல்களால் குழந்தைகள் உயிரையே இழந்திருக்கிறார்கள். 2021-ல் டோக்கியோவில் வெண்கலம் வென்றதும் நம் ஸ்ரீஜேஷ் கோல் மேல் ஏறி உட்கார்ந்தாரே, அந்தப் படத்தைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் ஏறிப் பார்க்கத் தோன்றும். பின் சட்டத்தின் மேல் மணல் மூட்டைகளைப் போட்டுக் கட்டுங்கள். பிறகு மேல் கம்பியை நீங்களே முன்பக்கம் பலமாக இழுத்துப் பாருங்கள். பின்பக்கம் துளி எழும்பினாலும் இன்னொரு மூட்டை போட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளையே சாய்த்த ஜில்லா நம்முடையது. புயல் எச்சரிக்கை வந்தால் கோலைப் படுக்க வைத்து மூட்டைகளை அதன் மேல் ஏற்றிவிடுங்கள்.

வலை முறுக்கு நூலாக இருக்கட்டும். கண் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வேண்டாம். விறைப்பாகக் கட்டினால் பந்து திரும்பி வந்து முகத்தில் அடிக்கும், தொளதொளவென்று விடுங்கள். கட்டுவதற்குக் கயிறுதான், கம்பிக் கொக்கி கூடாது. லீவு முடிந்தால் அவிழ்த்து உள்ளே வைத்தால் வெயிலில் இற்றுப் போகாது.

கடைசியாக ஒரு வார்த்தை, பெண்ணைப் பெற்றவர்களுக்கு. "வீட்டிலேயே கோல் இருக்கிறதே, மைதானத்துக்கு எதற்கு?" என்று சொல்லிவிடாதீர்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கி முதன்முதலாக நடந்தது 1980-ல். அதில் நம் பெண்கள் நாலாவதாக வந்தார்கள், 2021-லும் நாலாவது. மயிரிழையில் போன அந்தப் பதக்கத்தை என்றாவது ஒரு நாள் கொண்டுவரப் போகிறவர்கள், பத்துப் பேரோடு சேர்ந்து ஓடி, பந்தை வாங்கிக் கொடுத்துப் பழகியவர்களாகத்தான் இருப்பார்கள். கொல்லையில் இருக்கும் கோல் அதைச் சொல்லித்தராது. காலையில் அரை மணி வீட்டில் அடிக்கட்டும். சாயங்காலம் மைதானத்துக்குப் போகட்டும். தனியே அனுப்ப மனசு கேட்கவில்லையா? நீங்களும் கூடப் போய் உட்கார்ந்து பாருங்களேன்!