காணாமல் போன எட்டு ஏக்கர்

லட்சத்தீவுக்குப் போக ஆசைப்பட்ட நான் முதலில் போக நேர்ந்த இடம் போலீஸ் ஸ்டேஷன். என்மீது வழக்கு எதுவும் இல்லை என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். அப்புறம் விண்ணப்பம், போட்டோ, அடையாள அட்டை நகல். சொந்த நாட்டின் ஒரு பகுதியில் கால் வைக்க பர்மிட் வாங்க வேண்டும் என்ற விதி 1967-லிருந்து இருக்கிறது. ஐரோப்பாவுக்கு விசா வாங்குவதே இதைவிடச் சுலபம் என்று அலுத்துக்கொண்டேன். 'கஷ்டப்பட்டுப் போனால்தான் நன்றாக இருக்கும்' என்றாள் மனைவி.

சில வருடங்களுக்கு முந்தைய டிசம்பர் மாதம் அது. கொச்சியில் சின்ன விமானம் ஏறி, ஒன்றரை மணி நேரம் வெறும் நீலத்தைப் பார்த்துக்கொண்டே போனால், திடீரென்று கடல் பச்சையாகிறது. பச்சைக்கு நடுவில், யாரோ கைதவறிப் போட்ட தென்னங்கீற்று மாதிரி ஒரு தீவு. அகத்தி. விமானம் இறங்கும்போது இரண்டு பக்க ஜன்னலிலும் கடல்தான் தெரிகிறது. தீவின் தெற்கு வால் முழுவதையும் ஓடுபாதையே எடுத்துக்கொண்டிருக்கிறது. விமானி கொஞ்சம் தும்மினால் என்ன ஆகும் என்று நினைக்காமல் இருப்பது நல்லது.

அங்கிருந்து படகில் பங்காரம். 1987 கடைசியில் ராஜீவ் காந்தி குடும்பத்தோடு புத்தாண்டு கொண்டாடப் போனாரே, அந்தத் தீவு. அதற்கு முன் அப்படி ஒரு பெயர் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. நடந்தே சுற்றி வந்துவிடலாம். தென்னை, மணல், ஆழமில்லாத கடல். அவ்வளவுதான். அவ்வளவு போதும் என்பது முதல் பத்து நிமிடத்தில் புரிந்துவிடுகிறது. மெரினாவில் வளர்ந்தவனுக்குக் கடல் என்றால் இரைச்சல். இங்கே கடல் சத்தம் போடவில்லை. தூரத்தில் பவளத்திட்டில் அலை உடைவது ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், 'லகூன்' என்று சொல்லப்படும் அந்த அமைதியான நீர்ப்பரப்பில், இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால் விரலை எண்ணலாம். விரல்களுக்கு இடையே மீன் போகிறது.

மணலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கடற்கரை மணல் வெயிலில் கொதிக்கும். இது சூடேறவில்லை. மாவு மாதிரி வெள்ளை. கையில் அள்ளிக் கண்ணருகே கொண்டுபோனால் உடைந்த சிப்பி, பவளத் துணுக்கு. நம்மூர் மணல் மலையிலிருந்து ஆறு கொண்டுவந்தது. இந்தத் தீவுகளில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. அப்படியானால் இவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது?

படகோட்டியிடம் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும். கொச்சியில் தொற்றிக்கொண்ட பழக்கத்தில் 'இக்கா' என்று கூப்பிட்டேன். அவர் பேசிய தீவு மலையாளத்தில் பாதி எனக்குத் தமிழ் மாதிரியே கேட்டது. 'மீன் போட்டது சாரே' என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். ஊருக்குத் திரும்பிப் படித்துப் பார்த்தால் மனிதர் நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறார். கிளிமீன் என்று ஒன்று. கிளி போலவே அலகு, கிளி போலவே நிறம். பவளப்பாறைமேல் படர்ந்திருக்கும் பாசிக்காகப் பாறையையே கடித்து, உள்ளே அரைத்து, பின்பக்கமாக மணலாக விட்டுவிடுகிறது. ஒரு பெரிய கிளிமீன் வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் தரும். மாலத்தீவின் வக்காரு தீவில் செய்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பவளத்திட்டில் புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன் உபயம் என்று கண்டிருக்கிறார்கள். நாம் துண்டு விரித்துப் படுத்துக் கவிதை யோசிக்கிற கடற்கரையின் பூர்வீகம் இதுதான்.

சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த மாதிரித் தீவு ஒரு நிலம் அல்ல. தினமும் நடந்துகொண்டிருக்கிற ஒரு வேலை. பவளம் வளர வேண்டும், மீன் அரைக்க வேண்டும், அலை கொண்டுவந்து போட வேண்டும். அதே அலை தினமும் கொஞ்சம் எடுத்துக்கொண்டும் போகும். வரவும் செலவும் சரியாக இருக்கும்வரை தீவு இருக்கும்.

செலவு மிஞ்சினால்? அதையும் படகோட்டியே காட்டினார். திரும்பும்போது லகூனில் ஓரிடத்தில் எஞ்சினைக் குறைத்துக் கை நீட்டினார். பார்த்தேன். தண்ணீர். 'அங்கே ஒரு தீவு இருந்தது' என்றார்.

பங்காரத்தின் லகூனிலேயே திண்ணகரை, பரளி என்று குட்டித் தீவுகள் உண்டு. பரளி மூன்று துண்டாக இருந்தது. அதில் முதல் பரளி, 1968-ஆம் வருடக் கணக்குப்படி, சுமார் எட்டு ஏக்கர். 2017-ல் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஓர் ஆய்வு, அந்த எட்டு ஏக்கரும் முழுதாகக் கடலில் போய்விட்டது என்று பதிவு செய்தது. இரண்டாவது பரளியில் எண்பது சதவீதம் போயிருந்தது. நான் படுத்துக் கிடந்த பங்காரத்தில் கிட்டத்தட்ட பத்து சதவீதம். யுத்தம் இல்லை, பூகம்பம் இல்லை. யாரும் குடியிருக்காததால் அழுவதற்கும் ஆள் இல்லை.

தமிழர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவில் நமக்கு 21 தீவுகள் இருந்தன. தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி இரண்டும் இன்று தண்ணீருக்குள். பல காலம் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பினோம். வேலியைப் பிடுங்கியதும் அலை உள்ளே வந்தது. லட்சத்தீவில் யாரும் அந்த அளவுக்கு வெட்டவில்லை. அங்கே பவளத்தைக் கொல்வது வெந்நீர். கடல் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி சூடாகிச் சில வாரங்கள் அப்படியே இருந்தால் பவளம் வெளுத்துப் போகிறது. சூடு நீடித்தால் செத்துப் போகிறது. 1998, 2010, 2016 என்று மூன்று முறை பெரிய அடி. 2024 கோடையில் மீண்டும். அகத்தி, கட்மத், கவரத்தி ஆகிய தீவுகளைச் சுற்றி 1998-ல் சுமார் 37 சதவீதப் பரப்பில் உயிருள்ள பவளம் இருந்தது. 2022-ல் இருபதுக்கும் கீழே. மணல் ஆலையில் கச்சாப் பொருள் பாதியாகிவிட்டது.

இந்த வெந்நீருக்கும் சுற்றுலாப் பயணிக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை என்பீர்கள். சரி. குடிதண்ணீருக்கு வருவோம்.

அகத்தியில் தங்கியிருந்த வீட்டில் ஒரு கிணறு. எட்டிப் பார்த்தால் முகம் தெரியும் தூரத்தில் தண்ணீர். காலையில் ஒரு மட்டம், மத்தியானம் ஒரு மட்டம். கடல் ஏறினால் கிணறும் ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது. ஆனால் வாயில் விட்டால் உப்பில்லை. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின்மேல் ஒரு தோசை மாதிரி மிதக்கிறது. தீவில் இயற்கை வைத்திருக்கும் குடிநீர் அந்தத் தோசைதான். வாளியால் சேந்தினால் பொறுத்துக்கொள்ளும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் கீழே இருந்து உப்பு ஏறிவிடும். பக்கத்தில் கழிவுத் தொட்டி கட்டினால் அதுவும் அதே மணல் வழியாக அதே தோசைக்குத்தான் வந்து சேரும்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர்கள் சென்னைக்காரர்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், 2005-ல் கவரத்தியில் ஒரு குடிநீர் நிலையம் அமைத்தது. மேற்பரப்புக் கடல்நீரை அழுத்தம் குறைந்த தொட்டியில் ஆவியாக்கி, ஆழ்கடலிலிருந்து இழுத்த குளிர்ந்த நீரால் குளிர்வித்தால் நல்ல தண்ணீர். நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் கவரத்தியில் பதினோராயிரம் பேர். ஆளுக்கு ஒன்பது லிட்டர். ஹோட்டல் ஷவரில் பத்து நிமிடம் நின்று உடம்பிலிருந்து மணலைக் கழுவும் விருந்தாளி, பத்துப் பேர் பங்கை வாய்க்காலில் விட்டிருப்பார். நானும் அப்படிக் குளித்தவன்தான்.

இந்தக் கணக்குகளோடுதான் 2024 ஜனவரியைப் பார்க்க வேண்டும். பிரதமர் மோதி லட்சத்தீவுக்குப் போனார். கடற்கரையில் அமர்ந்திருக்கும் படமும் நீருக்குள் நீந்தும் படமும் வெளிவந்தன. மாலத்தீவின் மூன்று துணை அமைச்சர்கள் கேலி பேசப் போய்ப் பதவியிலிருந்து இடைநீக்கம் ஆனார்கள். இங்கே கோபம் பொங்கியது. மாலத்தீவு டிக்கெட்டை ரத்து செய், லட்சத்தீவுக்குப் போ என்ற கோஷம். குளிக்கப் போவதையே தேசபக்தியாகச் செய்யும் வாய்ப்பு நமக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. ஆனால் ஒப்பிடுகிறவர்கள் அளவைப் பார்க்கவில்லை. மாலத்தீவில் கிட்டத்தட்ட 1,200 தீவுகள்; 2024-ல் அங்கே போனவர்கள் இருபது லட்சத்துக்கு மேல். நம் லட்சத்தீவு பெயரில்தான் லட்சம். எண்ணினால் 36. மொத்த நிலமும் 32 சதுர கிலோமீட்டர். 2011-லேயே அதில் 64 ஆயிரம் பேர் வசித்தார்கள்.

அவர்களுக்கு வருமானம் வேண்டாமா என்று கேட்கலாம். நிச்சயம் வேண்டும். தென்னையும் சூரை மீனும் மட்டும் போதும் என்று, ஏ.சி. அறையில் உட்கார்ந்து எழுதுகிறவன் சொல்வது அயோக்கியத்தனம். நமக்கு மாசிக் கருவாடாக வந்து சேரும் அதே சூரைதான். அதைத் தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்து, அவித்து, புகை போட்டுக் காயவைக்கும் உழைப்பை அங்கே பார்த்தேன். படகோட்டிக்கே இரண்டு பிள்ளைகள் கொச்சியில் படித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் போன்ற ஆள் வருவதில்தான் அவர்கள் பீஸ் இருக்கிறது. அதை அவர் மறைக்கவில்லை.

கேள்வி, எத்தனை பேர், யார் தீர்மானத்தில் என்பதுதான். உச்ச நீதிமன்றம் 2012-ல் நியமித்த நீதிபதி ரவீந்திரன் குழு, தீவுகளுக்கான நிர்வாகத் திட்டத்தை இந்தக் கோணத்தில் அலசியது. ஒவ்வொரு தீவும் தாங்கக்கூடிய அளவு என்று ஒன்று உண்டு, அதை மீறக் கூடாது என்பது அடிப்படை. 2021-ல் நிலத்தைக் கையகப்படுத்த விரிந்த அதிகாரம் தரும் ஒரு வரைவுச் சட்டம் வந்தபோது, தீவு மக்கள் வீட்டிலேயே இருந்து பன்னிரண்டு மணி நேரம் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2023 ஜனவரியில் ஒரு பெரிய ஹோட்டல் நிறுவனம் கட்மத்தில் 110 அறை, ஆள் குடியில்லாத சுஹேலியில் 110 அறை என்று அறிவித்தது. அதில் ஒரு பகுதி தண்ணீரிலேயே கால் ஊன்றி நிற்கும் வில்லாக்கள். லகூனில், கிளிமீன் வேலை செய்கிற இடத்தில். படுக்கையிலிருந்து இறங்கினால் கடல். விளம்பரத்துக்கு அருமையான வாசகம். மணலுக்கு என்ன ஆகும் என்று விளம்பரத்தில் போட மாட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் என் யோக்கியதையும் இதில் சந்தேகத்துக்குரியது. நான் போய்ப் பார்த்து அனுபவித்துவிட்டு வந்து, நீங்கள் போகாதீர்கள் என்று எழுதுகிறேன். ரயில் பெட்டிக்குள் இடித்துப் பிடித்து ஏறிய ஆள், ஏறிய மறுநிமிடமே கதவைச் சாத்தி 'உள்ளே இடமில்லை' என்று கத்துவது மாதிரி. சுற்றுலாப் பயணிகள் எல்லோருக்குமே இந்த வியாதி உண்டு. யாரும் இல்லாத கடற்கரை வேண்டும். அதில் நாம் மட்டும் இருக்க வேண்டும்.

அதனால் போகாதீர்கள் என்று சொல்லப் போவதில்லை. போங்கள். பவளத்தின்மேல் நிற்காதீர்கள், அது கல் அல்ல. வாளியில் குளியுங்கள். கிளிமீனைச் சமைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சூரை போதும் என்று சொல்லுங்கள்.

கிளம்பும் அன்று படகில் கால் வைத்தபோது படகோட்டி தடுத்தார். என் செருப்பைக் காட்டினார். கழற்றித் தட்டச் சொன்னார். படகு அழுக்காகிவிடும் என்பதற்காக என்று நினைத்துத் தண்ணீர்ப் பக்கம் தட்டப் போனேன். 'அங்கே இல்லை, கரையில்' என்றார். ஒரு ஸ்பூன் மணல்கூட இருக்காது. கரையில் தட்டிவிட்டு ஏறினேன். என் மனைவி தன் செருப்பையும் கழற்றித் தட்டினாள்.

அடுத்த முறை பர்மிட்டுக்காகப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் அரை நாள் உட்கார வைத்தாலும் முணுமுணுக்க மாட்டேன். அந்த பெஞ்சில் எனக்குப் பின்னால் நீண்ட வரிசை இருந்தால்தான் கவலைப்படுவேன்.