ஆலோசகரும் அங்கத்தினரும்

அரசுப் பதவியிலும் பெரிய கம்பெனி நிர்வாகத்திலும் இருந்தோர், உழவர் உற்பத்தியாளர் கம்பெனி போன்ற இளம் நிறுவனங்களுக்கு ஆலோசகராக வருவதை நாம் வரவேற்கிறோம். கணக்கிலும் கடனிலும் விற்பனையிலும் அவர்தம் அனுபவம் பெரிதும் பயன்படும். ஆயினும் ஆணையிடும் பழக்கத்தை அவர்கள் வாயிலிலேயே விட்டு வருதல் வேண்டும்.

குஜராத்தின் கேரா மாவட்டப் பால் சங்கம் 1946-இல் தோன்றியது. 1949-இல் ஆனந்தில் அரசு உத்தியோகத்தில் இருந்த வர்கீஸ் குரியன், சங்கத்தின் பழைய இயந்திரங்களைச் செப்பனிட்டுதவினார். புதியன வாங்குமாறு யோசனையும் கூறினார். வாங்க முடிவு செய்தது திரிபுவன்தாஸ் படேலின் தலைமையிலிருந்த சங்கமே. பின்னரே குரியன் அரசுப் பணியை விட்டுச் சங்கத்தில் சேர்ந்தார்.

எல்லாவற்றையும் ஆலோசகரே நடத்தினால், அவர் சென்றபின் சாவி எவரிடம் என்று தேட நேரும். யோசனையை எவரிடமும் கேட்கலாம். தீர்மானம் அங்கத்தினருடையதாகவே இருத்தல் வேண்டும்.