வாசல் வரை தார், வடிகான் எங்கே?

வீட்டுப் பாதைக்குத் தார் போடுவதா, கொங்கிறீற்று இடுவதா என்று என்னிடம் ஆலோசனை கேட்கும் நண்பர்கள் சிலர் உண்டு. பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்பது நம்மவர்களின் பழைய நம்பிக்கை. அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரேயொரு கேள்விதான்: அந்தப் பாதையில் விழும் மழைநீர் எங்கே போகப் போகிறது?

சமதரையான ஊர்களில் இக்கேள்வி அவ்வளவு பெரிதன்று. மாத்தளை மாவட்டத்து உக்குவளையிலோ அது கீழே குடியிருக்கும் அயலவரின் பாதுகாப்புப் பற்றிய கேள்வி. மிளகும் கராம்பும் சாதிக்காயும் விளையும் சரிவுகளில், ஒரு வீட்டின் முற்றத்துக்குக் கீழே இன்னொரு வீட்டின் கூரை இருக்கும் ஊர் அது.

ஒரு சிறு கணக்குப் பாருங்கள். 10 அடி அகலம், 100 அடி நீளமான பாதை 1,000 சதுர அடி. ஓர் அங்குல மழை பெய்தால் அதன்மேல் ஏறத்தாழ 2,300 இலிற்றர் நீர் விழுகிறது. மண்ணும் புல்லுமாக இருந்த காலத்தில் அதில் ஒரு பகுதியை நிலம் குடித்தது. எஞ்சியது மெல்ல நகர்ந்தது. தாரோ கொங்கிறீற்றோ இட்டபின் அத்தனையும் ஒரே ஓட்டமாகக் கீழே பாயும். ஒரே நாளில் நான்கு அங்குலம் பெய்தால் 9,000 இலிற்றருக்கும் மேல். அதை எங்கே கொண்டுபோய் விடுவது என்று தீர்மானிக்காதவர், அயலவரின் காணியில் விடுவதாகத் தீர்மானித்துவிட்டார் என்றே பொருள்.

ரொறன்ரோவில் வாழும் நம்மவர்களுக்கு வீட்டு வாசலில் தார்ப்பாதை புதிதன்று. கோடை பிறந்ததும் வெடிப்புகளை அடைத்து, கறுப்புப் பூச்சுப் பூசுவது அங்கே பலருக்கும் பழகிய வேலை. அங்கு வெடிப்பில் புகுந்த நீர் பனியில் உறைந்து, ஏறத்தாழ 9 சதவீதம் பருத்து, பாதையைப் பிளக்கிறது. உக்குவளையில் உறைபனி இல்லை. இங்கே நீர் அடியிலுள்ள மண்ணை இளக்கி, விளிம்பை அரித்து, பாதையைச் சரிவோடு இழுத்துச் செல்கிறது. இரு நாட்டிலும் எதிரி நீரே. அது தாக்கும் முறை மட்டுமே வேறு. ஆகவே அங்கே கண்ட பாதையை அப்படியே இங்கே கொணர்ந்து விரிக்க இயலாது.

பாரத்தைத் தாங்குவது இறுதியில் அடிமண்ணே. அதை உலர்ந்த நிலையில் வைத்திருந்தால் போதும் என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்கொட்லாந்துக்காரரான ஜோன் மெக்கடம் வலியுறுத்தினார். இன்று நாம் தார் என்று அழைப்பது நிலக்கரித் தார் அன்று. மசகெண்ணெய் சுத்திகரிப்பில் எஞ்சும் பிற்றுமின். பொருள் மாறிய பின்னரும் மெக்கடத்தின் விதி மாறவில்லை.

இனித் தெரிவுக்கு வருவோம். தார்ப்பாதைக்கு நன்கு இறுக்கப்பட்ட 6 முதல் 8 அங்குலச் சல்லிக்கல் அடித்தளமும், அதன்மேல் இறுக்கிய பின் 2 முதல் 3 அங்குலக் கலவையும் தேவை. கலவை 130 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் வந்து, ஆறுமுன் ரோலரால் இறுக்கப்பட வேண்டும். செங்குத்தான ஒடுங்கிய ஏற்றத்தில் ரோலர் ஒழுங்காக வேலை செய்யாது. இறுகாத தார் முதல் மாரியிலேயே உதிரும். மலைநாட்டுக் கிராமங்களில் செங்குத்தான பகுதிகளுக்குக் கொங்கிறீற்று இடுவது வெறும் வழக்கம் அன்று. காரணத்தோடு வந்த வழக்கம். ஆகவே ஏற்றமான பாதைக்கு, வழுக்காதபடி குறுக்கே வரியிட்ட கொங்கிறீற்றே தகும் என்பது என் கருத்து. நீண்ட, மெல்லிய சாய்வுள்ள பாதைக்குத் தார் நல்ல தெரிவு. அதன் விலை மசகெண்ணெயையும் டொலரையும் பின்தொடரும் என்பதை 2022இல் பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. சில்லுகள் ஓடும் இடத்தில் மட்டும் இரண்டடி அகலத்தில் இரு கொங்கிறீற்றுப் பட்டைகள். நடுவிலும் ஓரங்களிலும் புல். மேற்சொன்ன 1,000 சதுர அடியில் 400 மட்டுமே மூடப்படும். செலவும் குறையும், நீரோட்டமும் குறையும். கண்ணுக்கு எடுப்பாக இராது என்பதே இதற்குச் சொல்லப்படும் குறை!

மிளகும் கராம்பும் காயவைக்கும் ஊர் என்பதையும் மறக்கலாகாது. தாரின்மேல் உணவுப் பொருளை நேரடியாகப் பரப்புவது தகாது. படங்கு விரித்தே ஆகவேண்டும்.

பராமரிப்பும் நீரைப் பற்றியதே. ஒக்டோபரில் மழை தொடங்குமுன் வெடிப்புகளை அடைக்கவேண்டும். கானில் சேர்ந்த இலைகுழையை அகற்றவேண்டும். டீசலும் இயந்திர எண்ணெயும் பிற்றுமினைக் கரைப்பவை. சிந்தினால் உடனே துடைக்கவேண்டும். தனி வெடிப்பு நோயின் அறிகுறி மட்டுமே. முதலைத் தோலைப்போல் வலைவலையாக வெடித்திருந்தால் அடித்தளமே பழுதாகிவிட்டது என்று அறிக. அதன்மேல் புதுத் தார் விரிப்பது புண்ணின்மேல் புதுச் சட்டை போடுவதற்கு ஒப்பாகும். தோண்டி, நீர் புகுந்த வழியைக் கண்டு அடைத்து, அடியிலிருந்து தொடங்குவதே சிக்கனம். அவ்வேலைக்கு ஒப்பீட்டளவில் மழை குறைந்த பெப்ரவரி, மார்ச் மாதங்கள் ஏற்றவை.

எனினும் இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக வரவேண்டியது வடிகான். பாதையின் மேற்பக்கத்தில் ஒரு கான், வாசலுக்குக் குறுக்கே கம்பிமூடியிட்ட ஒரு கான், நீரைப் படிப்படியாக இறக்கி ஓடையிலோ வீதிக் கானிலோ சேர்க்கும் கட்டப்பட்ட வழி. சரிவில் குழி தோண்டி நீரை உள்ளே இறக்குவது தீர்வாகாது. அது நிலத்தை மேலும் இளக்கும். வாகனம் ஏறுவதற்காக வீதிக் கானை மண்ணால் நிரப்பிவிடும் பழக்கமோ மன்னிக்க முடியாதது. பிரதேச சபையின் அனுமதியுடன் போதிய விட்டமுள்ள குழாய் பதிக்காவிட்டால், அடைபட்ட நீர் வீதியைக் கடந்து கீழ்வீட்டுக்குள் நுழையும். பாதைக்காகச் சரிவை வெட்டுவோர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுவதும் அவசியம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழையில் மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்கள் சரிந்தன. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு வீட்டுப் பாதைகளே காரணம் என்பது அபத்தம். அப்பேர்ப்பட்ட மழையை எந்தக் கானும் ஏற்காது. ஆனால் சரிவு எத்தனை இலேசாகக் குலையும் என்பதைக் கண்ட பின்னரும், அதன் தலையில் நம் பங்கு நீரையும் சேர்த்து ஊற்றுவோமா என்பதே கேள்வி.

உக்குவளைக்கு நீரை வழிநடத்தும் கலை புதிதன்று. 1976 முதல் பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர், சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தினூடாக இங்கு வந்து, மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டுச் சுது கங்கையில் சேர்கிறது. அந்நீர் போய்ச்சேரும் இடத்தைத் தீர்மானித்த பின்னரே அங்கே மண்வெட்டி எடுத்தார்கள். பத்துப் பேர்ச் காணிக்கும் அதே ஒழுங்கைக் கேட்பது பேராசை அன்று.

ஒப்பந்தகாரர் விலைப்பட்டியலை நீட்டும்போது, முதல் வரியில் வடிகான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.