உயிர்க்காற்றுக்கு மலிவுக் குழாய் வேண்டாம்

மத்தியப் பிரதேசத்தின் ராஜ்கர் மாவட்ட மருத்துவமனையில் 2024 டிசம்பரில் ஆக்சிஜன் செல்லும் செம்புக் குழாயை யாரோ அறுத்துத் திருடிச் சென்றதில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 12 பச்சிளம் குழந்தைகள் மூச்சுத் திணறினர். மாற்று சிலிண்டர் உடனே இணைக்கப்பட்டதால் விபரீதம் தவிர்க்கப்பட்டது. திருடத் தூண்டாத, விலையும் குறைந்த வேறு குழாயைப் பதித்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே என்று இதைக் கேட்கும் எவருக்கும் தோன்றும். அந்த யோசனைக்கு மருத்துவமனை நிர்வாகங்கள் இடம் கொடுக்கக் கூடாது.

ஆக்சிஜன் தானாக எரிவதில்லை, மற்றவற்றை எரியவைக்கும். காற்றில் அதன் பங்கு சுமார் 21 விழுக்காடுதான். குழாய்க்குள் அது ஏறக்குறைய தூய நிலையில், அழுத்தத்தோடு ஓடுகிறது. அந்த நிலையில் இரும்பும் விறகாகிவிடும். எந்த வெல்டிங் பட்டறையிலும் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். கேஸ் கட்டிங் செய்பவர் இரும்புத் தகட்டின் ஓரத்தைச் செக்கச்செவேலெனக் காய்ச்சிவிட்டு ஆக்சிஜன் பிடியை அழுத்துவார். அடுத்த நொடி இரும்பே பற்றி எரிந்து, பொறி பறக்கத் தகடு பிளந்துகொண்டு போகும். அதே டார்ச்சால் செம்புத் தகட்டை அப்படி வெட்ட முடியாது. செம்பு வெப்பத்தைச் சட்டென்று பரப்பிவிடுகிறது. எரியும்போது அது வெளியிடும் வெப்பமும் குறைவு. அதனால் தீ தொடர்வதில்லை. மருத்துவமனை ஆக்சிஜன் லைனுக்குச் செம்பைத் தேர்ந்தெடுப்பதன் முக்கியக் காரணம் இதுதான். மருத்துவ வாயுக்களுக்கான செம்புக் குழாய்க்கென்றே ஐரோப்பாவில் இ.என். 13348 என்று தனித் தரநிலை இருக்கிறது.

தண்ணீர்க் குழாய்க்குப் பழகிய ஜி.ஐ. பைப்பை எடுத்துக்கொள்வோம். நாளடைவில் உள்ளே துருவும் செதிலும் உதிரும். வேகமாக ஓடும் ஆக்சிஜனில் அந்தத் துகள் வால்விலோ வளைவிலோ மோதினால் பொறி கிளம்பக்கூடும். மரையில் சுற்றும் சணலும் பூசும் பெயின்டும் எரிபொருளாகிவிடும். பிவிசி இன்னும் மோசம். அதை ஒட்டும் பசையின் ஆவி நோயாளியின் நுரையீரல்வரை போகும். வார்டில் தீப்பிடித்தால் குழாய் இளகி, அதிலுள்ள ஆக்சிஜன் நேராக நெருப்புக்குள் பாயும்.

ஆனால், டெண்டரில் ‘செம்புக் குழாய்’ என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது. உட்புறம் எண்ணெய்ப் பசை துளியுமின்றிச் சுத்தம் செய்து, இரு முனையும் மூடியிட்டு வர வேண்டும். மூடி இல்லாமல் மணலில் கிடந்த குழாய், செம்பாகவே இருந்தாலும், ஆக்சிஜனுக்கு ஆகாது. இணைப்புகளைப் பிரேசிங் செய்யும்போது உள்ளே நைட்ரஜனைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தவறினால் உட்சுவரில் கறுப்பாகப் படியும் ஆக்சைடு, பின்னால் செதில் செதிலாக உதிர்ந்து வால்வையும் வென்டிலேட்டரையும் அடைக்கும். வார்டு லைனில் அழுத்தம் சுமார் 4 பார்தான். நிரப்பிய சிலிண்டரிலோ சுமார் 150 பார். வால்வைச் சடாரென்று திறந்தால், முன்னால் உள்ள வாயு ஒரே அமுக்கில் பல நூறு டிகிரி சூடேறும். அங்கே ஒரு சொட்டு எண்ணெயோ, பொருந்தாத ரப்பர் வாஷரோ, பிளாஸ்டிக் உள்ளுறை கொண்ட ஹோஸோ இருந்தால் அதுவே தீயின் தொடக்கம்.

உருக்காலைகளில் ஆக்சிஜனுக்கு இரும்புக் குழாய்தானே போடுகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். அங்கே வாயுவின் வேகத்துக்கு வரம்பு கட்டி, வடிகட்டி வைத்து, அதற்கென்றே பொறியாளர்களை அமர்த்தியிருக்கிறார்கள். அந்தக் கண்காணிப்பு இல்லாத மருத்துவமனைக்கு அது முன்மாதிரி ஆகாது. செம்பு விலை அதிகம் என்பதும் உண்மையே. ஆனால், வார்டு இயங்கிக்கொண்டிருக்கும்போது தவறான குழாயைப் பிடுங்கி மாற்றுவதற்கு ஆகும் செலவு அதைவிட அதிகம். திருட்டைத் தடுக்கக் காவலும், மூடிய குழாய்ப் பாதையும், அழுத்தம் குறைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியும் இருக்கின்றன. திருடனுக்குப் பயந்து தரத்தைக் குறைத்தால் நட்டம் நோயாளிக்கே.

கரோனா இரண்டாம் அலையில் பல மருத்துவமனைகளில் ஆக்சிஜன் லைன்கள் அவசர அவசரமாக இழுக்கப்பட்டன. அந்த அலையின்போதுதான், 2021 ஏப்ரல் 21 அன்று, நாசிக்கில் மாநகராட்சி மருத்துவமனையின் ஆக்சிஜன் தொட்டியில் ஏற்பட்ட கசிவால் விநியோகம் தடைபட்டு 20-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தனர். குழாய் நல்லதாக இருந்தும் சோதனை பொய்த்தால் என்னவாகும் என்பதற்கு, சிட்னியின் பேங்க்ஸ்டவுன்-லிட்கோம் மருத்துவமனை சாட்சி. ஆக்சிஜன் வர வேண்டிய முனையில் நைட்ரஸ் ஆக்சைடு வந்ததால் 2016இல் அங்கே ஒரு சிசு இறந்தது. இன்னொரு சிசுவுக்கு மூளை பாதிக்கப்பட்டது.

எனவே, தமிழக அரசு மூன்று காரியங்களை உடனே செய்ய வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் போட்ட லைன்கள் அனைத்தையும், அரசு, தனியார் என்ற பேதமின்றி, குழாயின் தரம் முதல் இணைப்புகள்வரை தணிக்கை செய்ய வேண்டும். புதிய பணிகளில், குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற விதியைப் பயன்படுத்தும் முன், மருத்துவ வாயுப் பணிக்கான தகுதியையும் குழாயின் தரச்சான்றையும் கட்டாயமாக்க வேண்டும். லைன் போட்ட ஒப்பந்ததாரரே சோதித்துக் கையெழுத்திடும் நிலை கூடாது. அழுத்தம், தூய்மை, எந்த முனையில் எந்த வாயு வருகிறது என்ற மூன்றையும் தொடர்பில்லாத வேறொருவர் சோதிக்க வேண்டும். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெறவும் புதுப்பிக்கவும் இந்தச் சோதனைச் சான்று நிபந்தனையாக வேண்டும். சான்று இல்லாத லைனில் நோயாளியை இணைக்க எந்த மருத்துவமனைக்கும் அனுமதி தரக் கூடாது.